கருப்பு வெள்ளையில் வழுவழு ஓரம்: பெரிதாக்கி த்ரெஷோல்ட் போடலாமா, ட்ரேஸ் செய்யலாமா?

சாம்பல் நிறப் படத்தை அதே அளவில் வைத்து 128-இல் த்ரெஷோல்ட் போட்டால் (0 முதல் 255 வரையான அளவில் அதைவிட வெளிச்சமானதை வெள்ளை, இருட்டானதைக் கருப்பு ஆக்கினால்) ஓரம் படிக்கட்டு மாதிரிதான் வரும், ஏனென்றால் கோடு ஒரு பிக்சலுக்குள் எங்கே கடக்கிறது என்ற தகவல் ஓரத்துச் சாம்பல் பிக்சல்களில்தான் இருக்கிறது, அதை நாமே தூக்கி எறிந்துவிடுகிறோம்.

அதனால் ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு என் தேர்வு ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள்தான். கியூபிக் முறையில் (பக்கத்துப் பிக்சல்களை வைத்து இடையிலுள்ளதைக் கணக்கிடும் முறை) 4 மடங்கு பெரிதாக்கி (அதே அச்சளவில் பார்த்தால் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, 1200 ஆகிவிடும்), லேசாக காஸியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் வடிகட்டி) கொடுத்து, அப்புறம் த்ரெஷோல்ட். பிளர் கூடிப்போனால் எழுத்தின் கூர்முனைகள் மழுங்கும், மெல்லிய கோடுகள் காணாமலே போகும்.

லோகோ, முத்திரை என்றால் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளின் ட்ரேஸ் பிட்மேப், அதாவது பிக்சல் படத்தின் மேல் கோடு வரைந்து கொடுக்கும் வசதி. கிடைப்பது பிக்சல் இல்லாமல் கோடுகளாலான வெக்டர் என்பதால் எந்த அளவுக்கும் ஓரம் உடையாது. ஆனால் உள்ளே இந்த வேலையைச் செய்யும் போட்ரேஸ் என்ற நிரல் கருப்பா வெள்ளையா என்று பிரித்த படத்தின் மேல்தான் வளைகோடு போடுகிறது, ஆகவே சின்னப் படத்தை நேரே கொடுத்தால் ‘ழ’வின் சுழி கோணலாகிவிடும். இதற்கும் முதலில் பெரிதாக்கித்தான் கொடுக்க வேண்டும். தூசி நிறைந்த ஸ்கேனுக்கு இது சரிப்படாது, பல தூசிப் புள்ளிகளையும் வடிவமாக்கி வைக்கும்.

ஜிம்ப் வழியில் போனால் 1 பிட் பிஎன்ஜியாக (ஒவ்வொரு பிக்சலும் கருப்பு அல்லது வெள்ளை மட்டுமே) சேமியுங்கள், ஜேபெக் வேண்டவே வேண்டாம், சாம்பல் திரும்ப வந்துவிடும்.