கேரவன் நிற்கும் புல்தரை: டெல்டா மண்ணுக்கு எந்தக் காப்பு ஏற்றது?

நம் ஊரில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் குளிரூட்டிய வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை ஆகியவற்றுடன் கூடிய வண்டியிலேயே ஊர் ஊராகப் போய்த் தங்கும் வழக்கம் மேலை நாடுகளில் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பிரிட்டனில் கேரவன் வைத்திருப்போருக்கான சங்கம் 1907-லேயே தொடங்கப்பட்டது. கேரளம் 2021-ல் இதற்கெனத் தனிச் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தோப்போ திடலோ வைத்திருப்பவர்களுக்கும் பத்து வண்டிகள் நிற்க இடம் ஒதுக்கினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. அப்படி ஒதுக்கும் இடத்தில் முதலில் கெடுவது புல்தரை. அதைக் காப்பதற்கென்று விற்கப்படும் பொருள்களும், விலையில்லாத பழைய வழிகளும் இங்கே எந்த அளவுக்கு எடுபடும் என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இந்த அலசல்.

பிரிட்டனில் புழங்கும் காப்புப் பொருள்கள் அந்நாட்டின் பருவத்தை ஒட்டி உருவானவை. அங்கே கேரவன் பருவம் ஈஸ்டரை ஒட்டித் தொடங்கி அக்டோபரில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மண் மிகவும் ஈரமாக இருக்கும் குளிர்மாதங்களில் புல்தரையை அடைத்துவிட்டு, கல் பரப்பிய இடங்களை மட்டும் திறந்துவைக்கும் தளங்கள் பல உண்டு. காவிரி டெல்டாவில் நிலைமை தலைகீழ். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. வெயில் தணிந்து வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்குவதும் மார்கழியை ஒட்டித்தான். பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும் திருவையாற்று ஆராதனைக்கு வண்டிகள் வரும்போது வயலோரத் தரை இன்னும் காய்ந்திருக்காது. ஆகவே, கோடைத் தூறலைத் தாங்கினால் போதும் என்று அங்கே கருதப்படும் ஒரு பொருளை, ஐப்பசி அடைமழை ஓய்ந்தபின் உள்ள சேற்றில் வைத்துத்தான் நாம் எடைபோட வேண்டும்.

வண்டியின் எடையைவிட அந்த எடை இறங்கும் பரப்புதான் முக்கியம். 1,400 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்துக்கு 350 கிலோ இறங்குகிறது. டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.2 கிலோ என்றால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 160 சதுர சென்டிமீட்டர். நான்கு சக்கரங்களில் நிற்கும் 3,500 கிலோ மோட்டார் வீட்டில் ஒரு சக்கரத்துக்கு 875 கிலோ. அதன் டயரில் காற்று 5 கிலோ அளவில் இருப்பதால், தொடும் பரப்பு 175 சதுர சென்டிமீட்டர்தான். இரண்டு வண்டிகளும் ஏறக்குறைய இரண்டு உள்ளங்கை அளவிலான இடத்தில்தான் ஊன்றுகின்றன, ஆனால் பெரியது இரண்டு மடங்குக்கு மேல் அழுத்துகிறது. நீர் ஊறிய மென்களி சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோவைத் தாங்குவதே அரிது. சக்கரம் அமிழாத இடத்திலும் மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றுவெளி நசுங்கிப்போவதால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. வண்டி போய் ஒரு மாதம் கழித்துப் புல் மஞ்சளாவதற்கு அதுவே காரணம். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினாலோ, சேற்றில் சக்கரம் சுழன்றாலோ புல் வேரோடு கிழிந்துவிடும்.

மண்ணும் எங்கும் ஒன்றல்ல. ஆற்றை ஒட்டிய தோப்புகளில் மணல் கலந்த வண்டல் இருப்பதால் மழை விட்டு இரண்டு நாளில் தரை இறுகிவிடும். (கரைக்கு உட்புறமான படுகையில் வெள்ளம் ஏறும் என்பதால், அங்கே புல்லைப் பற்றி யோசிப்பதற்கு முன் வண்டியைப் பற்றி யோசிக்க வேண்டும்.) குடியிருப்பை ஒட்டி மேடாக இருக்கும் திடல்கள் நடுத்தரமானவை. நஞ்சையோ முற்றிலும் வேறு: நனைந்தால் உப்பி, காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் களிமண். தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு செய்ததால் மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று உருவாகியிருக்கும். நெல்லுக்கு நீரைத் தேக்கித் தருவது அந்தத் தட்டுதான். அதே தட்டு மழைநீரைப் புல்லின் காலடியிலேயே நிறுத்தியும் வைக்கும்.

முதலில், புல்மேல் விரிக்கும் பிளாஸ்டிக் வலை. உயரடர்த்தி பாலித்தீனால் ஆன கெட்டியான கண்ணிவலையைச் சுருளாக வாங்கி, புல்லை ஒட்ட வெட்டியபின் விரித்து, வளைந்த இரும்பு ஊசிகளால் அடித்துப் பொருத்துகிறார்கள். புல் கண்ணிகளின் வழியே வளர்ந்து வலையைத் தன்னுள் மறைத்துக்கொள்ளும். குழி தோண்ட வேண்டியதில்லை, ஜல்லி வேண்டியதில்லை, இரண்டு ஆட்கள் ஒரு நாளில் கணிசமான இடத்தை முடித்துவிடலாம் என்பதால் இதுவே மிகவும் கவர்ச்சியான வழி. நம் அருகம்புல் இதற்கு வெகுவாகப் பொருந்துகிறது. ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோட வேண்டும் என்று வாழ்த்துவதன் பொருளை இந்த வலையில் கண்ணாரக் காணலாம்: மண்ணுக்கு மேல் ஓடும் தண்டும் கீழே ஓடும் தண்டும் கணுவுக்குக் கணு வேர்விட்டு வலையை மண்ணோடு தைத்துவிடுகின்றன. பிரிட்டனில் பரவலாக உள்ள ரைபுல் தூர்கட்டி வளர்வது, இப்படி ஓடிப் பின்னாது.

ஆனால் வலை புல்லைக் காக்குமே தவிர மண்ணுக்கு வலுவூட்டாது. கீழே தரை கெட்டியாக இருந்தால்தான் அது பயன்படும். களி இளகிவிட்டால் வலையோடு சேர்ந்து பள்ளம் விழும், அப்போது மேலெழும்பி நிற்கும் வலை காலைத் தடுக்கும், புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கும். சித்திரையில் நிலம் வெடிக்கும்போது ஊசிகளின் பிடி தளர்வது நஞ்சைக்கே உரிய கூடுதல் தொல்லை. விரிக்கும் காலமும் முக்கியம். ஆடியில் விரித்துத் தண்ணீர் காட்டினால் புரட்டாசிக்குள் புல் பின்னிக்கொள்ளும். ஐப்பசியில் விரித்து மார்கழியில் வண்டியை ஏற்றுவது வலையை வாங்கிக் குப்பையில் போடுவதற்குச் சமம். தென்னை நிழல் அடர்ந்த இடத்திலும் அருகு நலிந்துவிடுவதால், வலையின் பாதி வேலை நடக்காமல் போகும்.

அடுத்தது தேன்கூட்டு வடிவிலான பிளாஸ்டிக் கட்டம். 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரமுள்ள இந்தக் கட்டங்களை ஒன்றோடொன்று பூட்டி, அறைகளில் மணல் கலந்த மண்ணை நிரப்பிப் புல் நடுகிறார்கள். சக்கரம் கட்டத்தின் சுவர்மேல் ஏறுவதால் புல்லின் வேர்க்கழுத்து நசுங்குவதில்லை. ஒரு சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கான டன் தாங்கும் என்று விற்பனைத் தாள்கள் சொல்வது பொய்யல்ல. அது கட்டத்தின் சுவர் நொறுங்காமல் தாங்கும் அளவு. கீழேயுள்ள களி தாங்கும் அளவை எந்தத் தாளும் சொல்லாது. களியின்மேல் கட்டத்தை வைக்க வேண்டுமானால் மண்ணை வெட்டியெடுத்து, மண்ணும் கல்லும் கலக்காதபடி துணிவிரிப்பு போட்டு, குறைந்தது 20 சென்டிமீட்டர் ஜல்லிப் படுகை அமைத்து இறுக்க வேண்டும்.

செலவு ஏறுவது இங்கேதான். டெல்டாவில் கருங்கல் கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. இன்றும் புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரியில்தான் ஜல்லி வந்தாக வேண்டும். 5 மீட்டர் அகலமும் 8 மீட்டர் நீளமும் கொண்ட ஓர் இடம் முழுவதற்கும் 20 சென்டிமீட்டர் படுகை என்றால் 8 கன மீட்டர், அதாவது நூறு கன அடி கொண்ட நம் கணக்கில் ஏறத்தாழ மூன்று யூனிட். பத்து இடங்களுக்கு முப்பது யூனிட், பாதை தனி. வண்டியின் சக்கரங்கள் ஊன்றும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும், தலா 60 சென்டிமீட்டர் அகலத்தில் 7 மீட்டர் நீளத்துக்குப் படுகை அமைத்தால் ஓர் இடத்துக்கு முக்கால் யூனிட்கூட ஆகாது. நான் பட்டையின் பக்கம்தான். ஓட்டுநர் சரியாகப் பட்டையில் ஏற்ற வேண்டும் என்ற குறை இருந்தாலும், ஓரங்களில் வெள்ளையடித்த செங்கல் இரண்டு பதித்தால் அது தீர்ந்துவிடும்.

ஓட்டைகளுள்ள சிமென்ட் கல், அதாவது கடைகளில் கிராஸ் பேவர் என்று கேட்டால் கிடைப்பது, நாம் அதிகம் பார்த்துப் பழகியது. பேவர் பிளாக் பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பதால் உடைந்தால் மாற்றுக் கல் உடனே கிடைக்கும் என்பது பிளாஸ்டிக் கட்டத்துக்கு இல்லாத வசதி. எடையால் எளிதில் நகராது. பெரிய பேருந்துக்கும் அஞ்சாது. ஆயினும் இதற்கும் அதே ஜல்லிப் படுகை வேண்டும் என்பதைப் பலர் மறந்து, வெறும் மணலைக் கொட்டிக் கல்லை அடுக்கிவிடுகிறார்கள். ஒரே மழையில் கல் சாய்கிறது. அக்னி நட்சத்திரத்தில் சிமென்ட் சூடேறி, ஓட்டைக்குள் இருக்கும் கையளவு மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுவதால், நாள்தோறும் தண்ணீர் விடாத இடங்களில் புல் கருகிக் கோரை மட்டும் மிஞ்சும். பிளாஸ்டிக் மூடாக்கையே துளைத்துக்கொண்டு வரும் கோரைக்கு இந்த ஓட்டைகள் எம்மாத்திரம்? கண்ணுக்குப் புல்தரையாகத் தெரிய வேண்டும் என்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

தென்னை நார் விரிப்பு நம் மண்ணிலேயே விளையும் மாற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் எண்ணற்ற தென்னைகள் விழுந்த பிறகும் நாருக்குப் பஞ்சமில்லை. கிராமச் சாலைகளின் அடியில் இதைப் பயன்படுத்த 2020-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்திருக்கிறது. அந்தப் பயன்பாட்டில் உள்ள பாடத்தைக் கவனிக்க வேண்டும்: விரிப்பு அங்கே மேலே கிடப்பதில்லை, களிக்கும் கல்லுக்கும் நடுவில் கிடக்கிறது. சில ஆண்டுகளில் மக்கினாலும் அதற்குள் கீழேயுள்ள மண் இறுகிவிடுகிறது. கேரவன் இடத்திலும் ஜல்லிப் பட்டைக்கு அடியில் போடுவதற்கே இது ஏற்றது. புல்லின்மேல் நேரடியாக விரித்தால் ஒரு மழைக்காலத்தைத் தாங்கலாம். பிறகு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். வைக்கோலும் தென்னை மட்டையும் சிக்கிய வண்டியை வெளியே எடுக்க மட்டும் உதவும். அவற்றை ஈரத்தில் விட்டுவைத்தால் அடியிலுள்ள புல் அழுகிவிடும் என்பதால், வண்டி வெளியேறிய அன்றே வாரிவிட வேண்டும். இதே அவசர வேலைக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பலகைகள் நான்கு கைவசம் இருந்தால் இன்னும் நல்லது.

விலையில்லாத வழி ஒன்று உண்டு. டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. தண்ணீர் குறைந்த காலத்தில் முறைப்பாசனம் வைப்பதுபோல வண்டி நிற்கும் இடங்களுக்கும் முறை வைக்கலாம். பத்து வண்டிகளுக்குப் பதினைந்து இடம் ஒதுக்கி, எந்நேரமும் ஐந்தை ஓய்வில் விட்டால், ஈரமும் வெயிலும் உள்ள மாதங்களில் அருகு சில வாரங்களிலேயே மீண்டுவிடும். நிலம் தாராளமாக இருப்பவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் வாயிலுக்கும் திருப்பத்துக்கும் முறை வைக்க முடியாது. எல்லா வண்டியும் அதே வழியில்தான் போயாக வேண்டும்.

இவற்றை இடத்தோடு பொருத்தினால் தேர்வு தானே பிரிந்துவிடுகிறது. மணற்பாங்கான தோப்பில், நிழல் குறைந்த பாதைக்கு வலையும் நிற்குமிடங்களுக்கு முறையும் போதும். திடலில் வாயிலுக்கும் திருப்பத்துக்கும் கட்டம், நிற்குமிடங்களுக்கு இரட்டைப் பட்டை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்காக ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பேருந்துகளை ஏற்க நினைப்பவருக்குக் கிராஸ் பேவர்தான்; 16 டன் வண்டியை வலையின்மேல் ஏற்றுவது வீண். நஞ்சையை மாற்றி அமைப்பவர் எதை வாங்குவதற்கு முன்னும் நான்கு புறமும் வடிகால் வெட்டி, நிற்குமிடத்தை நடுவில் உயர்த்தி ஓரங்களில் சரிவு கொடுத்து, ஒரு முழு மழைக்காலம் வெறுமனே விட்டுப் பார்க்க வேண்டும். பாசன வாய்க்காலை வெட்டியவன் கூடவே வடிகாலையும் வெட்டிய ஊரில், கேரவன் இடத்துக்கு மட்டும் அதை மறந்துவிடுவது ஏனோ தெரியவில்லை.

எவ்வளவு காத்தாலும் சில தடங்கள் விழத்தான் செய்யும். களிமண்ணில் விழுந்த தடத்தை ஈரம் சொட்டும்போது தொடக்கூடாது, மாசியில் கல்லாக இறுகும்வரை விடவும் கூடாது. இடையே, மண் கையில் ஒட்டாமல் உதிரும் அந்தச் சில நாள்களில் கவைக்கோலால் குத்தி அடிமண்ணைத் தளர்த்தி, ஆற்று வண்டலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, ஓரத்துப் புல்லிலிருந்து கணுவுள்ள துண்டுகளைப் பிய்த்து நட்டுவிட்டால், பங்குனி வெயில் ஏறுவதற்குள் தடம் மூடிக்கொள்ளும்.