ஒரே பரவளையம், எத்தனையோ சமன்பாடுகள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இருபடிச் சமன்பாட்டை வரைபடத்தால் தீர்ப்பது பல ஆண்டுகளாக என் கையில் புழங்கும் முறை. 8 மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடும் பகுதியாக இது ஆகிவிட்டதே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

வழக்கமான வழியில் ஒவ்வொரு கணக்குக்கும் அட்டவணை போட்டுத் தனி வளைவரை வரைய வேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது அதன் அடிப்பகுதியில்தான். y = x² − x − 3 என்பதில் x = 0, x = 1 இரண்டுக்கும் y மதிப்பு −3. உடனே ஸ்கேலை வைத்து இரண்டு புள்ளிகளையும் இணைத்துவிடுவார்கள். முனையோ நடுவே, x = 0.5 என்ற இடத்தில், −3.25 வரை இறங்கியிருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது வேறொரு வழி. y = x² பரவளையத்தை (கிண்ணம் போன்ற வளைவரையை) ஒரு முறை நிதானமாக வரைந்து, கெட்டி அட்டையில் வெட்டி வைத்துக்கொள்கிறேன். x² − x − 3 = 0 என்பதை x² = x + 3 என்று மாற்றி எழுதிவிட்டால், வரைய வேண்டியது y = x + 3 என்ற நேர்கோடு ஒன்றுதான். கோடு வளைவரையை வெட்டும் இடங்களில் x ஏறத்தாழ 2.3, −1.3. இவைதான் சமன்பாட்டின் மூலங்கள், அதாவது தீர்வுகள். சமன்பாட்டில் 2.3 ஐப் பிரதியிட்டால் −0.01 வருகிறது. கட்டத்தாளில் கண்ணால் பார்த்துச் சொன்ன விடைக்கு இது அருமையான துல்லியம்.

இந்த முறையின் உண்மையான பலன் தன்மைகாட்டியை, அதாவது மூலங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லும் b² − 4ac என்ற சூத்திரத்தை, புரியவைப்பதில் இருக்கிறது. y = 2x − 3 கோட்டை வரையச் சொல்வேன்; அது பரவளையத்தைத் தொடாமல் கீழே போய்விடும். x² − 2x + 3 = 0 என்பதற்கு மெய் மூலங்கள் இல்லை. ஸ்கேலை இணையாக இரண்டு அலகு மேலே நகர்த்தினால் (1, 1) புள்ளியில் தொட்டு நிற்கும்: சம மூலங்கள். இன்னும் சற்று மேலே போனால் இரண்டு இடங்களில் வெட்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகளும் இங்கேதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

குறைகளும் உண்டு. அட்டை ஒரே அளவுத்திட்டத்துக்குத்தான் பொருந்தும். x = 5 என்றாலே y = 25 ஆகிவிடுவதால் பெரிய மூலங்களுக்குத் தாள் போதாது. பொதுத்தேர்வில் கேட்ட வளைவரையைத்தான் வரைய வேண்டும். கைபேசியில் ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலி இருந்தால் கோட்டை விரலாலேயே நகர்த்திப் பார்க்கலாம். ஆனால் முதல் பரவளையத்தைப் பென்சிலால் வரைந்த பிறகே அதைத் திறக்கச் சொல்கிறேன்.