மேன் பக்கம்: மார்க்டவுனா, எம்டாக்கா?

என்னுடைய சின்னக் கட்டளைவரி நிரல் ஒன்றின் மேன் பக்கத்தை (டெர்மினலில் படிக்கும் கையேட்டுப் பக்கம்) இரண்டு வருடமாக மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு வடிவில் எழுதி, வடிவம் மாற்றும் பான்டாக் நிரல் வழியாக மாற்றி வந்தேன். போன மாதம் அதை விட்டுவிட்டு மேன் பக்கத்துக்கென்றே உள்ள குறிகளான எம்டாக் மேக்ரோக்களுக்கு வந்துவிட்டேன்.

மார்க்டவுன் எளிது, எல்லாருக்கும் பழக்கம், அதே கோப்பிலிருந்து இணையப் பக்கமும் எடுக்கலாம். சரி, அதில் சண்டையே இல்லை. பிழை திருத்த உட்காரும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

ஒருமுறை --வெர்போஸ் என்ற தெரிவை (நிரலோடு சேர்த்துத் தரும் விருப்பம்) பேக்டிக் (`) குறி போடாமல் எழுதிவிட்டேன். பான்டாக்கின் மார்க்டவுனில் நிறுத்தற்குறிகளை அழகாக்கும் ‘ஸ்மார்ட்’ வசதி இயல்பாகவே இயங்கும். இரண்டு கோடுகளையும் சேர்த்து ஒரே நீளக் கோடாக்கிவிட்டது. கண்ணுக்கு உறுத்தாது. நகலெடுத்து டெர்மினலில் ஒட்டினால் நிரல் ஏற்காது. மேன் பக்கத்தில் பிழை தேடும் சோதிப்பானும் வாய் திறக்காது, ஏனென்றால் மேன் பக்கங்களின் அடிப்படை வடிவமான ராஃபில் நீளக் கோடு பிழையே இல்லை. அது எச்சரிக்கிற மற்ற பிழைகளுக்கும் உருவான கோப்பின் வரி எண்தான் கிடைக்கும். அங்கே திருத்தினால் அடுத்த முறை மார்க்டவுனிலிருந்து உருவாக்கும்போது திருத்தம் போய்விடும். மார்க்டவுனில் அது எந்த வரி என்று நாமே தேட வேண்டும். என்னை மாற வைத்தது இதுதான்.

எம்டாக்கிலும் பொறிகள் உண்டு. வாக்கியத்தை மடித்தபோது .பாஷ்ஆர்சி என்ற கோப்புப் பெயர் வரியின் முதலில் வந்து விழுந்தது. புள்ளியில் தொடங்கும் வரியை ராஃப் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்த வரி முழுக்கக் காணாமல் போனது. ஆனால் மேன் பக்கங்களைக் காட்டும் மேண்டாக் நிரலை லின்ட் (பிழை தேடும்) முறையில் ஓட்டியதும், தெரியாத மேக்ரோ என்று வரி எண்ணோடு காட்டியது. புள்ளிக்கு முன்னால் \& என்ற, பக்கத்தில் தெரியாத குறியைப் போட்டேன், முடிந்தது. கோடு பிரச்சினையும் குறைவு: .எஃப்எல் மேக்ரோவே தெரிவுக்கு முன்னால் சரியான கோட்டைப் போட்டுவிடும். எம்டாக் 1990-இல் 4.3பிஎஸ்டி ரெனோ என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தோடு வந்தது. லினக்ஸில் வழக்கமாக உள்ள ராஃப் நிரலான ஜிராஃபும் அதைப் படிக்கும் என்பதால் லினக்ஸிலும் தடையில்லை.

என் பக்கம் முந்நூறு வரிதான், எழுதுவதும் நான் ஒருவன்தான். பத்துப் பேர் திருத்தம் அனுப்பும் திட்டத்தில் எம்டாக் சிலரைத் தயங்க வைக்கலாம். அங்கே மேன் பக்கம் எழுதவென்றே உள்ள எளிய கருவியான எஸ்சிடாக் பொருந்தும் என்று தோன்றுகிறது. தொடரியல் தவறினால் மூலக் கோப்பின் வரி எண்ணைச் சொல்லி நின்றுவிடும். அதில் நான் ஒரே ஒரு பக்கம்தான் எழுதிப் பார்த்தேன்.

மார்க்டவுனிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், உள்ளீட்டு வடிவத்தை ‘மார்க்டவுன்-ஸ்மார்ட்’ என்று கொடுங்கள். அப்புறம், பேக்டிக் இல்லாத தெரிவுப் பெயர் எங்காவது இருக்கிறதா என்று சொல் தேடும் கிரெப் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.