ஸ்லிம்லைன் கார்டு கிட் வாங்கப் போகிறீர்களா? முதலில் வெட்டு அளவைக் கேளுங்கள்

கையால் வாழ்த்துக் கார்டு செய்கிறவர்களுக்கு ஆன்லைனில் "ஸ்லிம்லைன் ஸ்டார்ட்டர் கிட்" என்று விற்கப்படும் ஒரு பெட்டியைப் பற்றிய எச்சரிக்கை இது. விற்பவர் பெயரைப் போடவில்லை. இதே படங்கள், இதே வாசகங்களோடு பல பெயர்களில் விற்பனையில் இருக்கின்றன. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் யோக்கியர்கள் என்று ஆகிவிடும்.

விளம்பரத்தில் சொன்னது: ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் செவ்வக டை (மெஷினில் அழுத்தித் தாளை அந்த வடிவத்தில் வெட்டும் உலோக அச்சு) 6, மடிப்புக் கோடு போட்ட 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கார்டு பேஸ் (மடித்தால் கார்டாகும் அடித்தாள்) 25, பொருத்தமான கவர் 25, க்ளியர் ஸ்டாம்ப் (மை தொட்டு அடிக்கும் கண்ணாடி போன்ற முத்திரை) ஒரு செட், பேட்டர்ன் பேப்பர் பேட் ஒன்று. எண்ணிக்கையில் குறையில்லை. ஏமாற்று முழுக்க அளவிலும் எடையிலும்தான். பெட்டியைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியாது. வெட்டி, மடித்து, கவருக்குள் போடும்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதற்குள் "பாக்கெட் பிரித்தாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது" என்ற பதில் தயாராக இருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்காக: ஸ்லிம்லைன் என்று கார்டு செய்கிறவர்கள் பொதுவாகச் சொல்வது, மடித்த பிறகு 3½ × 8½ இன்ச் இருக்கும் கார்டை. மி.மீ. கணக்கில் 89 × 216. மினி ஸ்லிம்லைன் என்பது 3½ × 6 அல்லது 6¼ இன்ச். ஏ4 தாளை மூன்றாக மடிக்கும் டிஎல் அளவு 99 × 210 மி.மீ. இது மூன்றாவது சாதி. நீளமான காட்சி அமைக்கவும், பெரிய வாழ்த்து வரியை ஒரே கோட்டில் அடிக்கவும், பணமோ டிக்கெட்டோ மடிக்காமல் உள்ளே வைக்கவும் இடம் இருப்பதால்தான் இந்த வடிவத்துக்கு இத்தனை மவுசு. ஆனால் ஸ்லிம்லைன் என்ற பெயர் எந்தத் தர அளவுக்கும் கட்டுப்பட்டதல்ல. ஒல்லியாக இருப்பதையெல்லாம் அந்தப் பெயரில் விற்கலாம், விற்கிறார்கள்.

முதலில் டை. முகப்புப் படத்தில் நீளமான கார்டு, அதன்மேல் டை. விவரப் பகுதியில் அளவு இல்லை. கடைசிப் படத்தின் மூலையில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் "152 × 89" என்று மட்டும் இருக்கிறது, அலகுகூட இல்லாமல். 152 மி.மீ. என்றால் 6 இன்ச். அதாவது மினி. முகப்பில் இருந்த படம் வேறு யாரோ செய்த முழு அளவு டையின் படம்.

இதைக் காசு கொடுக்கும் முன்பே பிடிக்க எளிய வழி உண்டு. திரையில் தெரியும் டையின் மேல் ஸ்கேலை வையுங்கள். நீளத்தை அகலத்தால் வகுங்கள். முழு ஸ்லிம்லைன் என்றால் 2.4 வரும். டிஎல் என்றால் 2.1. மினி என்றால் 1.7. சாதாரண 4¼ × 5½ கார்டு என்றால் 1.3. படம் நேராக மேலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். சாய்த்து எடுத்த படத்தில் கணக்கு பொய்க்கும். முகப்புப் படத்தில் 2.4, அளவுப் படத்தில் 1.7 என்று வந்தால் இரண்டும் ஒரே பொருள் அல்ல. விகிதம் சரியாக இருந்தும் டையையே சிறிதாகச் செய்து விற்பவர்களும் உண்டு என்பதால், மி.மீ. அளவு ஒன்றையாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த அளவு என்பதும் முக்கியம். டையில் வெட்டும் கத்தி விளிம்பு உள்ளே இருக்கிறது. அதற்கு வெளியே உலோக ஓரம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் வெளி ஓர அளவு. வெளி ஓரம் 8½ இன்ச் என்றால் வெட்டி வரும் தாள் 8¼ சுமாருக்குத்தான் இருக்கும். அது கார்டின் முகப்பில் ஒட்டும் பேனலுக்குச் சரி, பேஸ் வெட்ட உதவாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "டை எவ்வளவு நீளம்?" அல்ல, "வெட்டி வரும் தாள் எவ்வளவு நீளம்?"

டை சரியாக வந்தாலும் உங்கள் வெட்டு மெஷின் ஏற்குமா என்று பார்க்க வேண்டும். 6 இன்ச் அகலமுள்ள மெஷின்களுக்கு வரும் தட்டு (டையையும் தாளையும் நடுவில் வைத்து உள்ளே ஓட்டுவது) பல மாடல்களில் 8¾ இன்ச் நீளம்தான். முழு அளவு டை அதில் ஓரம் இடிக்கும் அளவுக்கு உட்காரும், கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு முனை வெட்டாமல் நிற்கும். நீளத் தட்டு தனியாகக் கிடைத்தால் அது நல்லது. 3 இன்ச் வாய் உள்ள குட்டி மெஷினில் 3½ இன்ச் டை எப்படித் திருப்பினாலும் போகாது. "எல்லா மெஷினுக்கும் பொருந்தும்" என்ற வரி பொய்.

கிட்டில் வந்த டைகளுக்கு இன்னொரு நோயும் இருந்தது: கத்தி மழுங்கல். குற்றம் டையிலா மெஷினிலா என்று தெரிந்துகொள்ள, முதலில் 80 ஜிஎஸ்எம் காகிதம், பிறகு 120, பிறகு 250 என்று படிப்படியாக வெட்டிப் பாருங்கள். நீள டைகளில் நடுப்பகுதி சரியாக வெட்டாமல் போவது சகஜம். அங்கே மட்டும் ஒரு சாதாரணக் காகிதத்தைத் தட்டுக்கு அடியில் வைத்தால் சரியாகிவிடும். தட்டு வளைந்திருந்தால் திருப்பிப் போட்டு ஓட்டவும். இத்தனையும் செய்து, இரண்டு முறை ஓட்டியும் 120 ஜிஎஸ்எம் தாளே பிய்ந்து பிய்ந்து வந்தால் குறை டையில்தான். தாளைக் கூட்டிக் கூட்டி அடுக்காதீர்கள், மெஷின் போய்விடும்.

அடுத்து பேஸ். 300 ஜிஎஸ்எம் என்றார்கள். விரலால் தடவி "தடியாத்தான் இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை, தராசில் வையுங்கள். மடிக்காத 7 × 8½ இன்ச் பேஸின் பரப்பு 0.0384 சதுர மீட்டர். 300 ஜிஎஸ்எம் என்றால் ஒன்று 11.5 கிராம், 25 சேர்ந்து 288 கிராம். 250 என்றால் 240 கிராம். 200 என்றால் 192. ஈரப்பதத்தால் சில கிராம் முன்பின் இருக்கலாம், நூறு கிராம் போகாது. இந்தப் பெட்டியில் வந்த கட்டு 192-ஐ ஒட்டித்தான் நின்றது. உறையைக் கழற்றிவிட்டு மொத்தக் கட்டையும் எடை போட்டு, தராசு எண் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாரில் இதைவிடப் பலமான சாட்சி கிடையாது.

அதைவிட எரிச்சலூட்டியது மடிப்பு. மடித்த இடத்தில் நிறம் வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை நார் கோடாகத் தெரிந்தது. காரணம் இரண்டு. ஒன்று, மேலே மட்டும் நிறம் பூசிய, உள்ளே வெள்ளையான தாள். ஓரத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, தாளின் நார் ஓட்டம். கார்ட்ஸ்டாக்கில் நார் பெரும்பாலும் ஒரு திசையில் படுத்திருக்கும். மடிப்பு அதே திசையில் ஓடினால் சுத்தமாக மடியும், குறுக்கே ஓடினால் வெடிக்கும். ஸ்லிம்லைனில் மடிப்பு 8½ இன்ச் நீளம், ஆகவே வெடிப்பும் அவ்வளவு நீளம்.

இது ஏன் நடக்கிறது என்பது கொஞ்சம் சுவாரசியம். 8½ × 11 இன்ச் தாளில் நார் வழக்கமாக 11 இன்ச் பக்கமாக ஓடும். அதை 7 இன்ச்சில் வெட்டினால் ஒரு பேஸும், மீதி 4 × 8½ துண்டும் கிடைக்கும். அந்தத் துண்டே முகப்புப் பேனலுக்கு ஆகிவிடும், வீண் இல்லை. ஆனால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். தாளைத் திருப்பி, 8½ இன்ச்சை 11 பக்கமாக வைத்து வெட்டினால் மடிப்பு நாரோடு ஓடும், ஆனால் மிஞ்சுவது உதவாத கீற்றுகள். விற்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. நீங்களே வெட்டுவதாக இருந்தால் ஏ4 தாளின் 297 மி.மீ. பக்கத்தில் 216, 210 பக்கத்தில் 178 எடுங்கள். நார் நீளவாக்கில் ஓடும் ஏ4 என்றால் மடிப்பு அழகாக விழும். டிஎல் அளவு செய்தால் ஏ4-ஐ 198-இல் வெட்டினால் பேஸ், மீதி 99 பேனல், துளி வீணில்லை. அங்கே மடிப்பு குறுக்கே வரும் என்பதால் 250 ஜிஎஸ்எம்முக்கு மேல் போகாதீர்கள்.

நார் திசை அறிய, தாளை மடிக்காமல் இரண்டு பக்கமாகவும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் முதுகோடு நார் ஓடுகிறது. கோடு போட்ட பேஸை மடிக்கும்போது, குழிவான கோடு வெளியே, மேடு உள்ளே வர வேண்டும். தலைகீழாக மடித்தால் நல்ல தாளும் வெடிக்கும். அந்தப் பழியை விற்றவர் மேல் போட முடியாது.

கவர்தான் உச்சம். வந்தவை 110 × 220 மி.மீ. டிஎல் கவர்கள். கார்டு 89 × 216. உயரத்தில் 21 மி.மீ. லொடலொட, நீளத்தில் 4 மி.மீ. மட்டும். வெறும் கார்டு எப்படியோ நுழையும். ஃபோம் டேப் வைத்துப் பூ ஒட்டிய கார்டின் தடிமன் 3 மி.மீ. என்றால், கவர் உப்பும்போது அந்தத் தடிமன் நீளத்திலிருந்தே கழிகிறது. ஒட்டு மடிப்புகளும் உள்ளே ஒன்றிரண்டு மி.மீ. தின்னும். மூலை கிழியாமல் நுழைய வழியே இல்லை. அமெரிக்க அளவில் 9-ஆம் நம்பர் கவர், 3⅞ × 8⅞ இன்ச், இதற்குக் கச்சிதம்: உயரத்திலும் நீளத்திலும் 9 மி.மீ. சுமார் இடம். 10-ஆம் நம்பர், 4⅛ × 9½, கிடைப்பது எளிது, ஆனால் ஒரு இன்ச் நீளம் சும்மா கிடக்கும்; கார்டு ஓடி ஓடி முத்து, ரிப்பன் எல்லாம் தேயும்.

25 கவர் கையில் வீணாக இருந்தாலும் கார்டு காத்திருக்காது. 120 ஜிஎஸ்எம் ஏ4 தாளிலேயே 98 × 225 கவர் செய்யலாம். தாளை 261 × 210 ஆக வெட்டுங்கள். இடமும் வலமும் 18 மி.மீ.யில் கோடு, மேலிருந்து 36-இல் ஒரு கோடு, கீழிருந்து 76-இல் ஒரு கோடு. நடுப்பட்டையின் 98 மி.மீ. உயரத்தில் மட்டும் பக்க மடிப்புகளை விட்டு, நான்கு மூலைத் துண்டுகளையும் வெட்டி எடுங்கள். பக்கங்களை உள்ளே மடித்து, கீழ் மடிப்பைத் தூக்கி அவற்றின் மேல் ஒட்டினால் முடிந்தது. மூடும் மடிப்பு 14 மி.மீ. மேலேறி உட்காரும்.

பேட்டர்ன் பேப்பர் 6 × 6 இன்ச் பேட். 3¼ × 8¼ பேனலை அதில் ஒரே துண்டாக எடுக்க முடியாது. 3¼ × 6 வெட்டி, மீதிப் பட்டையிலிருந்து 2¼ × 3¼ எடுத்துத் திருப்பி வைத்தால் ஒரே தாளில் முடியும், டிசைனுக்கு மேல் கீழ் இல்லாவிட்டால் மட்டும். இரண்டு துண்டும் சேரும் இடத்தை வாழ்த்துப் பட்டையால் மறைத்துவிடலாம். ஸ்டாம்ப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: மை முத்து முத்தாகத் திரண்டு நின்றால் மலிவு சிலிக்கோனாக இருக்கலாம். அழிரப்பரால் லேசாகத் தேய்த்தால் ஓரளவு பிடிக்கும்.

புகார் விஷயம். முதல் பதில் எப்போதும் "மெலிந்த கார்டு எல்லாமே ஸ்லிம்லைன்தான்" என்று வரும். இரண்டாவது, சிறு தொகை திருப்பித் தருகிறோம், புகாரை முதலில் மூடுங்கள். மூடாதீர்கள், மூடியதைப் பெரும்பாலும் மறுபடி திறக்க விட மாட்டார்கள், பணமும் வராது. மூன்றாவது, உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள். விளம்பரப் பக்கத்தை எல்லாப் படங்களோடும் முதல் நாளே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் போனதும் அளவை ஓசைப்படாமல் மாற்றிவிடுவார்கள். டையைப் படம் எடுப்பதோடு நிற்காமல், அது வெட்டிய தாளை ஸ்கேலோடு வைத்து எடுங்கள்.

பணம் திரும்பாமல் மினி டையோடு மாட்டிக்கொண்டவர்கள் அதை வைத்தே நீளப் பேனல் வெட்டலாம். தாளின் மேல் முனையில் டையை வைத்து, அதன் கீழ்ப்பகுதி 3 செ.மீ. மேல் தட்டுக்கு வெளியே நிற்கும்படி ஓட்டுங்கள். அந்த முனை வெட்டாது. பிறகு டையை 58 மி.மீ. கீழே தள்ளி, பக்கக் கத்திகள் ஏற்கெனவே வெட்டிய கோட்டிலேயே உட்காரும்படி வைத்து, எளிதில் உரியும் டேப்பால் ஒட்டி, இப்போது மேல்முனை தட்டுக்கு வெளியே நிற்க ஓட்டுங்கள். 152 மி.மீ. டையிலிருந்து 210 மி.மீ. பேனல். நேர் ஓர டைக்கு இது சுலபம். அலை ஓரம் என்றால் ஒரு அலையின் அகலத்தை அளந்து, அதன் மடங்காக மட்டும் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வெட்டும் சேரும் இடத்தில் பாதி அலை நிற்கும். தட்டின் ஓரம் தாளில் தடம் பதிக்கும், ஆகவே நல்ல பக்கம் எதுவோ அதைத் தட்டு படாத பக்கமாக வையுங்கள்.