ரோட்டரி இன்ஜின் வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. அதுவும் எந்தக் கோளாறும் இல்லாத இன்ஜினுக்கு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைசியில் சில யோசனைகளும் சொல்கிறேன்.

வண்டி மாஸ்டா ஆர்எக்ஸ்-8, பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின் கார். பிரேக் பேட் மாற்றத்தான் விட்டேன். ரோட்டரி வண்டிகளுக்கென்றே நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தனியார் பட்டறை. சாவி கொடுக்கும்போதே, ஸ்டார்ட் செய்தால் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு அப்புறம்தான் அணைக்க வேண்டும் என்று சொன்னேன். "சார், இந்த இன்ஜின்தான் எங்க பொழப்பே, நீங்க நிம்மதியா போங்க" என்றார் முதலாளி. குறுக்கே வெட்டிய ரோட்டர் ஹவுசிங் (ரோட்டர் சுழலும் கூடு) ஒன்றை மேஜைமேல் பளபளவென்று வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபின் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

மாலையில் ஃபோன். "இன்ஜின் ஸ்டார்ட் ஆகல சார், அபெக்ஸ் சீல் போயிடுச்சு, இறக்கித்தான் ஆகணும்." அபெக்ஸ் சீல் என்றால் ரோட்டரின் முனைகளில் கசிவில்லாமல் அடைக்கும் பட்டை. காலையில் சாவியைத் திருப்பியதும் ஓடிய வண்டி! நடந்தது என்ன என்று அங்கே வேலை செய்யும் பையன் பிறகு சொன்னான்: கழுவுவதற்காக வெளியே எடுத்து, நாலடி நகர்த்தி, உடனே அணைத்துவிட்டார்கள். குளிர்ந்த இன்ஜினுக்கு பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும். அந்த நிலையிலேயே அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே தங்கி, சீல்களின் மேல் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு, இறங்கிவிடும், ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும், மறுபடி சாவியைத் திருப்பத் திருப்ப இன்னும் பெட்ரோல்தான் சேரும். இன்ஜின் ஃப்ளட் ஆவது என்பது இதுதான், சீல் போனது அல்ல.

கம்ப்ரெஷன் ரீடிங் கேட்டேன், ஒரே ஒரு எண்ணைக் காட்டினார்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், இரண்டு ரோட்டருக்குச் சேர்த்து 6 ரீடிங் வர வேண்டாமா? சாதாரண பிஸ்டன் இன்ஜின் மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். "அதெல்லாம் போதும் சார், எங்களுக்குத் தெரியாதா" என்றார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் வண்டி வெளியே வரும் என்ற நிலை, கட்டினேன்.

வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால் வயிறு எரிந்தது. இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகளில் பழைய அழுக்கும் கிரீஸும் அப்படியே அப்பிக் கிடக்கின்றன, ஸ்பேனர் பட்ட கீறல்கூட இல்லை. இறக்கவே இல்லாத இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டியதாக ரீபில்ட் பில்! டிக்கியில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் பழைய பிளக் நான்கு, கருத்துப்போய், இன்னும் பெட்ரோல் நாற்றம் போகாமல். மாற்றியது அவ்வளவுதான். அதற்கு மூன்று மாதச் சம்பளம்.

கேட்டால் முதலில் "முதலாளி வெளியூர்ல இருக்கார்". அப்புறம் "பில் போட்டாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது". கழற்றிய சீல் எங்கே என்றேன், "ஸ்கிராப்ல போட்டாச்சு". இப்போது ஃபோனையே எடுப்பதில்லை.

யோசனை சொல்கிறேன் என்றேன், விரிவாக எழுதும் மனநிலை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். குளிர்ந்த வண்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அணைக்காதீர்கள், யாரையும் அணைக்க விடாதீர்கள், டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வரட்டும். அவசரத்துக்கு அணைத்தே ஆக வேண்டுமென்றால் பழகியவர்கள் 3000 ஆர்பிஎம்மில் 10 விநாடி போலப் பிடித்துவிட்டு அணைப்பார்கள். ஃப்ளட் ஆகிவிட்டதா, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை ஓடவிடுங்கள், அப்போது பெட்ரோல் உள்ளே போகாது. விட்டுவிட்டுச் செய்யுங்கள், ஸ்டார்ட்டர் சூடாகிவிடும். அதற்கும் மசியவில்லையென்றால் பிளக்கைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். திரும்பப் போடும்போது மேல் பிளக்கும் கீழ் பிளக்கும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். இன்ஜின் போய்விட்டது என்று யாராவது சொன்னால் ரோட்டரிக்கான மீட்டரில் எடுத்த 6 ரீடிங்கையும் எழுதிக் கேளுங்கள், கழற்றிய பழைய சீல்கள் உங்கள் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.