பஸ் வீடு: எல்லாம் சரி, அந்தச் சத்தம்தான்

பழைய பஸ் ஒன்று ஏலத்துக்கு வருகிறது, எடுத்து உன்னுடையது மாதிரி மோட்டார்ஹோம் ஆக்கிக்கொள்ளலாமா என்று நண்பன் கேட்டிருக்கிறான். கேட்ட நேரம் அப்படி. பின்பக்க ஸ்பிரிங் பட்டை வேலை முடிந்து என் வண்டி நேற்றுதான் பட்டறையிலிருந்து வந்தது, பில் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. கட்டிலை எங்கே போடுவது, சோலார் எவ்வளவு, தண்ணீர்த் தொட்டி எங்கே என்பதற்கெல்லாம் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. கூரைச் சூட்டைப் பற்றிப் புலம்பவும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது பள்ளிக்கு ஓடிய வண்டி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 222 அங்குலம். கரூரில் ஒரு பட்டறையில் பாடி வேலை. பஸ் பாடிக்குக் கரூரை விட்டால் வேறு எங்கே போவது? தகர வேலை, வெல்டிங், பெயின்ட் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே மர வேலை செய்தவர் வீட்டுக்கு வார்ட்ரோப் அடிப்பவர். அவர் போட்ட டிராயர் எல்லாம் வளைவில் தானாகத் திறந்துகொள்ளும். மரத்தில் முறுக்கிய ஸ்க்ரூ எல்லாம் ஓட ஓடக் கழன்று வந்துவிடும். வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கினால் எவர்சில்வர் டம்ளர் முதல் கேஸ் அடுப்பு வரை அத்தனையும் ஒரே நேரத்தில் பேசும். நாற்பதில் போனாலே பின்னாலிருந்து மனைவியின் குரல் வரும்: "ஏங்க, கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்."

இதற்குக் காரணம் மர வேலை மட்டும் இல்லை. ஐம்பது பேரை ஏற்றுவதற்கான ஸ்பிரிங் அது, இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் மூன்று டன்னுக்கு மேல் வருகிறது. சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை, கட்டில், பேட்டரி, தண்ணீர் என்று எதைச் சேர்த்தாலும் அதில் பாதி எடை வருவதே கஷ்டம். பின் ஆக்சிலில், அதாவது பின்சக்கர அச்சில், நான்கு டயர் இருந்தால் சட்டம் 10 டன்னுக்கு மேல் அனுமதிக்கிறது. எடை மேடையில் என் வண்டியின் பின்சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தால் ஆறு டன்னைக்கூடத் தொடவில்லை. இவ்வளவு குறைந்த எடைக்கு அந்தப் பட்டைகள் வளைவதே இல்லை. ஒன்றோடு ஒன்று உரசும் பிடிப்பிலேயே நின்றுவிடும், சாலையில் இருக்கும் சின்னப் பள்ளம்கூட அப்படியே பாடிக்கு வந்து சேரும். காலி பஸ்ஸில் கடைசி சீட்டில் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் படுக்கையறை இருப்பதும் அதே கடைசி சீட்டு இடத்தில்தான், ஆக்சிலுக்கும் பின்னால்.

பாடி கட்டியவர்களிடம் கேட்டால், "சார், பஸ்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்றார்கள். பணம் வாங்கும்போது இந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. சரி, பஸ் கட்டுவதுதான் அவர்கள் தொழில், அதை நன்றாகத்தான் கட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி, பிறகுதான் பட்டறை. இப்படிப்பட்ட வண்டிக்கு, விதியின் மொழியில் மோட்டார் கேரவனுக்கு, ஏஐஎஸ் 124 என்ற தர விதி இருக்கிறது. இருக்கையும் மேசையும், தூங்க இடம், சமைக்க வசதி, பொருள் வைக்க இடம் எல்லாம் வேண்டும், அவை வண்டியோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மேசையை மட்டும் கழற்றும்படி வைத்துக்கொள்ளலாம். என் வண்டியில் ஆடாமல் இருப்பது அந்தக் கழற்றும் மேசை ஒன்றுதான்.

இப்போது செய்த வேலை: பின்பக்கம் இரண்டு பக்கமும் சமமாகச் சில பட்டைகளை எடுத்தோம். மெக்கானிக் அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. எடை மேடைச் சீட்டைக் காட்டி, இனி இந்த வண்டியில் ஆள் கூட்டம் ஏறாது என்று உறுதி சொன்ன பிறகுதான் கை வைத்தார். மிச்சப் பட்டைகளைப் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, பட்டைகளை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யு-போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். டயர் காற்றையும் இப்போதைய எடைக்குத் தகுந்தபடி குறைத்தோம். சத்தம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. முன்பகுதியில் உட்கார்ந்து போனால் கார் அளவுக்கு இல்லாவிட்டாலும் பேசிக்கொண்டு போகலாம். படுக்கையறை இன்னும் தூக்கிப் போடத்தான் செய்கிறது. இன்று காலை கண்ணாடி ஜாடி ஒன்று அலமாரியோடு சேர்ந்து போனது, உள்ளே இருந்தது மாமியார் போட்டுக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய். வீட்டில் இதுவரை யாரும் என்னோடு பேசவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஜன்னல்களை மூடிவிடச் சொல்லிப் பலரும் ஆலோசனை சொன்னார்கள், நான் கேட்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கையை நீட்டாமல் இருக்கப் போட்ட குறுக்குக் கம்பிகளையும் விட்டுவைத்தேன். உள்பக்கம் கொசுவலைச் சட்டம் மாட்டியதும் இரவு முழுக்கத் திறந்து வைத்தே தூங்க முடிகிறது. தரங்கம்பாடியில், 1620-இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தோம். கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. ஏசி போடவே இல்லை. பெரிய ஹோட்டல் எதிலும் எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை. நிற்கும்போது இதைவிட நல்ல வீடு கிடையாது.

நண்பனுக்குப் பதில்: வாங்காதே. தரங்கம்பாடியில் இருந்தபோது கேட்டிருந்தால் முன்பணம் கட்டிவிட்டு வா என்றிருப்பேன், இன்றைக்குக் கேட்டாய். அதையும் மீறி வாங்குவதென்றால் பட்டைக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியாகப் பார், இல்லையென்றால் பஸ்ஸை விட்டுவிட்டு மினி பஸ்ஸுக்குப் போ. தண்ணீர்த் தொட்டியைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வை. மர வேலைக்கு முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை எடை மேடை ஏறு. அலமாரிக்கு ஸ்க்ரூ வேண்டாம், இரும்புச் சட்டத்தோடு போல்ட் போடு. டிராயர் அனைத்துக்கும் அழுத்தித் திறக்கும் பூட்டு. ஹெவி லைசென்ஸுக்கு இப்போதே எழுதிப் போடு, அது உடனே வராது. என் வண்டி விலைக்கு வருமா என்றும் கேட்டிருக்கிறாய். வராது.