பழைய ஸ்பிளிட் ஏசிக்கு மாற்று கேஸ்: சேலம் வெயிலில் ஓட்டிப் பார்த்தது

பழைய ஏசியில் கேஸை மாற்றினால் மின்கட்டணம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறையாது. முடங்கிக் கிடக்கும் மெஷினை இன்னும் சில கோடைகளுக்கு இழுத்துச் செல்லலாம், அவ்வளவுதான். எனக்கு அது போதும் என்று தோன்றியதால் செய்தேன். வருத்தமில்லை, ஆனால் எல்லாருக்கும் சிபாரிசு செய்யவும் மாட்டேன்.

அழகாபுரத்தில் எங்கள் வீடு மேற்கு பார்த்தது. மாடியில் இரண்டு அறைகள். இரண்டிலும் ஒரே கம்பெனியின் ஒன்றரை டன் ஸ்பிளிட், கேஸை அழுத்தும் கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ரகம் பரவலாவதற்கு முந்தையவை, உள்ளே குளிரூட்டும் கேஸ் ஆர்-22. ஏற்காட்டில் இருக்கும் என் பெரியப்பா வீட்டில் மின்விசிறியே அதிகம். முப்பது கிலோமீட்டர் கீழே இறங்கிவிட்டால், ஏப்ரல் மாத மொட்டை மாடி இரவு எட்டு மணிக்கும் காலைச் சுடும். அம்மா அறையின் ஏசியில் உள் காயில், அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருள், அரித்துப்போய் கேஸ் முழுவதும் வெளியேறிவிட்டது. காயிலை மாற்றியே தீர வேண்டும் என்று ஆனபோது, கேஸையும் மாற்றிவிடலாமா என்ற பேச்சு வந்தது. பக்கத்து அறை ஏசியைத் தொடவில்லை. ஆகவே பழையதையும் மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கும். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளரும் நாடுகள் 2030க்குள் அதைக் கைவிட வேண்டும். அதன் பிறகு பழைய மெஷின்களின் பழுதுபார்ப்புக்கு மட்டும் சிறிதளவு அனுமதி. இந்தியாவில் 2025 முதல் புது ஏசி தயாரிப்பில் அதற்கு இடமில்லை. சர்வீஸ் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, விலைதான் ஏறிக்கொண்டே போகிறது.

விசாரித்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர், "ஆர்-32 போட்டுவிடலாம் அண்ணா, இப்போது எல்லாமே அதுதான்" என்றார். ஆர்-22ஐவிட அதன் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய கம்ப்ரசரும் காயிலும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. போதாக்குறைக்கு லேசாகத் தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. ஆர்-410ஏ தீப்பிடிக்காது என்றாலும் அழுத்தத்தில் அதே கதை. இன்னொருவர் ஆர்-290 என்றார், அதாவது புரொப்பேன். அழுத்தம் ஒத்துப்போகும், கம்ப்ரசரில் இருக்கும் பழைய மசகு ஆயிலோடும் சேரும், ஆர்-22 எடையில் பாதிகூட வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் அது சமையல் எரிவாயுவின் நெருங்கிய சொந்தம். அதற்கென்றே வடிவமைத்து விற்கும் ஏசிகள் வேறு. தீப்பொறி பறக்கும் ரிலே சுவிட்ச் உள்ள பழைய மெஷினில் அதை நிரப்பி, அம்மா காலையும் மாலையும் விளக்கேற்றும் அறையில் மாட்டுவதற்கு நான் தயாராக இல்லை.

கடைசியில் ஆர்-407சி. மூன்று கேஸ்களின் கலவை, தீப்பிடிக்காது, அழுத்தம் ஆர்-22க்குப் பக்கத்தில் வரும். ஓசோனுக்குக் கேடில்லை. பூமியைச் சூடாக்குவதில் மட்டும் பழையதற்குச் சற்றும் இளைத்ததில்லை, எனவே சுற்றுச்சூழல் பெருமை எதுவும் பேச வாயில்லை.

வேலையின் முக்கால் பங்கு கேஸில் இல்லை, ஆயிலில் இருக்கிறது. ஆர்-22 கம்ப்ரசரில் இருப்பது மினரல் ஆயில். 407சி அதோடு கலக்காது. குழாயில் போன ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பாமல் ஆங்காங்கே தங்கிவிடும். அதற்கு பிஓஇ என்னும் செயற்கை ஆயில் வேண்டும். சிறிய கம்ப்ரசரில் ஆயிலை வடிக்கத் தனி வழி கிடையாது. மெக்கானிக் தம்பி வெல்டிங்கைப் பிரித்து, கம்ப்ரசரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, அளவுக் குவளையில் சொட்டுச் சொட்டாக வடியவிட்டார். டீ நிறத்தில் வந்தது. எவ்வளவு வந்ததோ அதே அளவு புது ஆயில். பிஓஇ டப்பாவின் மூடியை மட்டும் கடைசி நிமிடம் வரை திறக்கவே இல்லை. "காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும் அண்ணா, அப்புறம் கம்ப்ரசருக்கே வினை" என்றார். பைப்புகளைச் சுத்தம் செய்து, ஈரம் உறிஞ்சும் புது டிரையர் வைத்து, நைட்ரஜன் ஏற்றி இரவு முழுவதும் கசிவு பார்த்து, மறுநாள் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்குவம் போட்டபின்தான் கேஸ். அதையும் சிலிண்டரைக் கவிழ்த்து, திரவமாக, தராசில் எடை பார்த்து ஏற்றினார். ஆவியாக ஏற்றினால் கலவையின் விகிதம் கெட்டுவிடும். காயில் விலை நீங்கலாக, புது ஏசியின் விலையில் நான்கில் ஒரு பங்கு செலவானது. அரை மணி நேரத்தில் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்த்ததில், இரவில் வித்தியாசமே தெரியவில்லை. மார்ச்சிலும் தெரியாது. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் தெரியும்: ஆர்-22 அறை குளிர்ந்துவிட்ட நேரத்தில் இந்த அறை இன்னும் முனகிக்கொண்டிருக்கும். காற்று ஓரிரு டிகிரி சூடாகவே வருகிறது. கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கரன்ட்தான் இழுக்கின்றன. வெயில் உச்சத்தில் ஒருமுறை வெளி யூனிட் ஓவர்லோடில் நின்றது. மேற்குச் சுவரிலிருந்து வடக்குப் பக்கம் மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. அதைக் கேஸ் மாற்றாமலே செய்திருக்கலாம்.

கலவை கேஸின் உண்மையான தலைவலி கசிவு வந்தால்தான் புரியும். பைப்பை இணைக்கும் பிளேர் நட் ஒன்று தளர்ந்து கேஸ் குறைந்தது. ஆர்-22 என்றால் குறைந்ததை நிரப்பிவிட்டுப் போவார்கள். இதில் எது எவ்வளவு போனது என்று தெரியாது. இருப்பதை முழுவதும் எடுத்துவிட்டு, எடை போட்டுப் புதிதாக ஏற்றுவதுதான் முறை. வழக்கமான மெக்கானிக் அப்போது ஊரில் இல்லை. வேறு கடையிலிருந்து வந்த பையன் வெளி யூனிட்டில் கம்பெனித் தகட்டைப் படித்துவிட்டு ஆர்-22 சிலிண்டரை மாட்டப் போனான். கேஸ் பெயர், ஆயில், எடை மூன்றையும் எழுதி மெக்கானிக் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் கண்ணில் பட்டதால் பிழைத்தது. நீங்கள் மாற்றினால் மழையில் அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள்.

காயிலும் கம்ப்ரசரும் நன்றாக இருக்கும் ஆர்-22 ஏசியை இதற்காகப் பிரிக்கவே வேண்டாம். கசியாத வரைக்கும் அது அப்படியே ஓடட்டும். கம்ப்ரசர் போய்விட்டால் மாற்றும் செலவில் அர்த்தமில்லை. ஆர்-32 இன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள், மின்கட்டணம் உண்மையாகவே குறைவது அதில்தான். எங்கள் மற்ற அறை ஏசிக்கும் அந்த முடிவுதான் எடுத்து வைத்திருக்கிறேன். பழைய இரும்புக்காரர் வந்து பைப்பை வெட்டுவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் ஆர்-22ஐ சிலிண்டரில் இழுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லி மெக்கானிக்கிடம் இப்போதே பேசியாகிவிட்டது. அதற்கான கூலியை மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை.